யாரைக் கூப்பிடணும்?

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், காலையில் பிஸ்கட் வாசமும் மத்தியானத்துக்கு மேல் பெயிண்ட் வாசமும் அடிக்கிற ஒரு தெருவில், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் நின்றது. ஊரில் உள்ளவர்கள் எடுத்த போட்டோவும், பேங்கில் போட்ட பணமும், ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனும், காதலிக்கிற பிள்ளைகள் அனுப்பிவிட்டு அழித்த மெசேஜும் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது, ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு பீரோ மாதிரி ரேக்குகள் வரிசை வரிசையாக நிற்கும், மார்கழிக் குளிர் வருஷம் பூராவும் அடிக்கும், ஆயிரம் மிக்ஸி ஒன்றாக ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ரேக்கின் உச்சியிலும் ஒல்லியாக ஒரு பெட்டி இருக்கும், அதற்கு ஸ்விட்ச் என்று பேர். லைட்டுப் போடுகிற ஸ்விட்ச் என்று நினைத்துவிட வேண்டாம், இது அந்த ரேக்குக்கே வாசல்காரன். ரேக்கில் உள்ள கம்ப்யூட்டர் எதுவானாலும் வெளியே ஒரு வார்த்தை பேசணும் என்றால் இவன் முகத்தில் உள்ள துளைகளில் ஒன்றில் கேபிளைச் செருகி இவன் வழியாகத்தான் பேசணும். ஆனால் கம்பெனியிலிருந்து புதுசாக வந்து இறங்குகிற ஸ்விட்சுக்கு ஒன்றுமே தெரியாது, அது பிறந்த பிள்ளை. யாராவது அதன் பக்கத்தில் நின்று, லேப்டாப்பிலிருந்து ஒரு நீல கேபிளை அதில் மாட்டி, உன் பேர் இது, நீ நிற்கிற இடம் இது, இந்தத் துளையில் வருகிறவனை இந்தத் தெருவில் விடு, அந்தத் துளையில் வருகிறவனை விடவே விடாதே, கடைசியாக, உனக்கு ஒன்று ஆனால் இன்னாரைக் கூப்பிடு என்று ஒவ்வொரு வரியாகத் தட்டிச் சொல்லிக் கொடுக்கணும்.

அப்படிச் சொல்லிக் கொடுக்கிறவள்தான் ஞானசௌந்தரி. தெற்கே சாயர்புரத்துக்காரி. தலையில் பாதி நரைத்துவிட்டது, சாயம் அடிக்கவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். கொரட்டூரில் ஒரு மாடி ரூமில் தனியாக இருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு தம்பி இருந்தான், அவன் தினமும் காலையில் ரோஜாப்பூவும் காபி கப்பும் போட்ட குட்மார்னிங் படம் ஒன்றை போனில் அனுப்புவான், அதே படத்தை அவனுக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்புவான் என்பது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். ஆபீசில் அவளை எல்லாரும் நெட்வொர்க் மேடம் என்பார்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிடுகிற அளவுக்கு அவளிடம் யாருக்கும் வேலையும் இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம், விரல் தட்டுவதை வாய் சொல்லும். மனுஷர்களிடம் பேசும்போது மெட்ராஸ் பேச்சாக அளந்து அளந்து பேசுகிறவள், அந்தக் குளிரில் தனியாக நின்று ஸ்விட்சோடு பேசும்போது மட்டும் ஊர்ப் பேச்சுக்குப் போய்விடுவாள். "ஏட்டி, இங்கன பாரு, ஏழாம் நம்பரை மூடி வச்சுக்கோ, எவன் வந்து கேட்டாலும் தொறக்கப்படாது, என்னா?" என்பாள். ஒரு ஸ்விட்சுக்குச் சொல்லி முடிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாள்தான் அவளுடைய பேச்சுத் துணை.

அப்புறம் பக்கத்தில் புது ஹால் ஒன்று கட்டினார்கள். லாரி லாரியாகப் புது ஸ்விட்சுகள் வந்து அட்டைப்பெட்டியோடு இறங்கின. மேனேஜர் ரகுநந்தன் அவளைக் கூப்பிட்டான், சின்னப் பையன்தான், நல்ல பையன்தான்.

"மேடம், இத்தனையையும் நீங்க ஒண்ணொண்ணா நின்னு சொல்லிக் குடுத்தா, முடியறதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிரும்."

"உங்க பொண்ணு எல்.கே.ஜி. தானே சார்?"

"அதைத்தான் சொல்றேன்."

அவன் சொன்னது இதுதான். இந்தப் புது ஸ்விட்சுகளுக்குக் கரண்டைக் கொடுத்தால் போதும், அதுவாகவே வயர் வழியாக நான் யாரு என்று கேட்கும். கேட்டால் பதில் சொல்ல ஒரு புரோகிராம் எழுதி வைத்துவிட்டால், மனுஷர் யாரும் பக்கத்தில் போக வேண்டாம். "உங்களைவிட யாரு மேடம் நல்லா எழுதிருவாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அந்தக் குளிர்ல எத்தனை வருஷம் நிப்பீங்க?"

அவளும் எழுதினாள். எல்லா ஸ்விட்சுக்கும் பொதுவாக ஒரு அச்சு வேண்டியிருந்தது. அச்சுக்கு அவள் எடுத்துக்கொண்டது முத்துமாலையை. பழைய ஹாலின் மூலை ரேக்கில் இருந்த கிழட்டு ஸ்விட்ச் அது, அவள் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகச் சொல்லிக் கொடுத்த ஸ்விட்ச். கட்டடம், ஹால், வரிசை என்று எண் போட்டுத்தான் பேர் வைக்கணும் என்ற சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால் வந்ததால், ஊர்ப் பேராக முத்துமாலை என்று வைத்திருந்தாள், அப்புறம் அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. முத்துமாலைக்குச் சொன்ன வரிகளை எல்லாம் அப்படியே எடுத்து, ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் மாறுகிற இடங்களில் மட்டும் காலி விட்டாள், காலியைப் புரோகிராம் பார்த்து நிரப்பிக்கொள்ளும். பேரைக் காலி விட்டாள், இடத்தைக் காலி விட்டாள், துளைகளைக் காலி விட்டாள். கடைசி வரியில் யாரைக் கூப்பிடணும் என்ற இடத்தில் முத்துமாலையில் சௌந்தரி என்று இருந்தது. அதையும் காலி விடப் போனவள், யார் பேரைப் போடுவது என்று ரகுநந்தனிடம் கேட்டாள். அவன், "அது நம்ம டீமா பெங்களூர் டீமான்னு பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு மேடம், முடிஞ்சதும் சொல்றேன்" என்றான். சரி, முடியட்டும் என்று அந்த வரியை அப்படியே விட்டாள், விட்டதை மறந்தும் போனாள்.

புது ஹாலில் கரண்டைப் போட்ட அன்றைக்குக் காலையில், பிஸ்கட் வாசம் அடிக்கிற நேரத்தில், ஸ்விட்சுகள் எல்லாம் கேட்டன. சத்தமாகவே கேட்டன. பல் முளைக்காத வாயிலிருந்து வருகிற மாதிரி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே, அப்புறம் ஹால் பூராவும், "நான் யாரு? நான் யாரு?" என்று கேட்ட சத்தம் சுவரைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, பீரான் காக்காவின் டீக்கடை வரைக்கும் வந்தது.

கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஆபீசில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த லேத் பட்டறைக்காரர் ஒருத்தர் மட்டும், "எனக்கே தெரியல, இதுக்கு நான் எங்க போய்ச் சொல்றது?" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, கைக்குழந்தையைத் தூங்கப் போட்ட நேரமாகப் பார்த்துக் கேட்கிறதே என்று கேட்டில் வந்து சண்டை போட்டாள். கேட்டில் நின்ற செக்யூரிட்டி இருளப்பன், ராமநாதபுரத்துக்காரர், "பொறந்த பிள்ளைக அழத்தான் செய்யும், ஒங்க பிள்ளை அழுகல?" என்றதும் அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் அவளே வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே கட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஹாலுக்குள் இலை தழை கொண்டுபோகக் கூடாது என்பதால் அது கேட்டிலேயே தொங்கியது. உள்ளே துடைக்கப் போகிற பச்சையம்மா, யாரையும் கேட்காமல் ஒவ்வொரு ஸ்விட்சின் முகத்திலும், லைட்டுகளை மறைக்காத ஒரு ஓரமாகப் பார்த்து, மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

கரண்டைப் போட்ட அன்றைக்கே சௌந்தரியின் புரோகிராம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. அவள் அரை நாள் நின்று சொல்வதை அது கண் மூடித் திறப்பதற்குள் சொன்னது. கேட்ட ஸ்விட்ச் கேட்ட வாயோடு அடங்கியது, இப்படியே வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே வந்து, டீ ஆறுவதற்குள் ஹால் பூராவும் அமைதியாகிவிட்டது. ரகுநந்தன் கை தட்டினான், கேக் வாங்கி வரச் சொன்னான். சௌந்தரி கையில் நீல கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு, போக இடம் இல்லாதவள் மாதிரி நின்றாள்.

பச்சையம்மாதான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா மேடம் இது, இப்டி கப்சிப்னு ஆயிட்ச்சு? கொயந்தைக்கு ஒரு பதில் சொன்னா, அது உடனே அடுத்த கேள்வி கேக்கணும். அத்தோட வாயை மூடிக்கினா அது கொயந்தையா?"

"இது மிஷின்தானே பச்சையம்மா."

"நானும் அத்த தான் சொல்றேன்."

இரண்டொரு நாள் போயிற்று. அப்புறம் ஒரு ரேக்கில் ஃபேன் நின்றுபோனது. அந்த ஸ்விட்சுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி அது கூப்பிட வேண்டியவரைக் கூப்பிட்டது. "சௌந்தரீ!" என்று கூப்பிட்டது. அது கூப்பிட்டதைக் கேட்டுப் பக்கத்து ரேக்கும் தனக்கு ஏதோ ஒரு கேபிள் தளர்ந்திருப்பதாகச் சொல்லி, "ஏ சௌந்தரீ!" என்றது. சாயங்காலத்துக்குள் ஹால் பூராவும் அவள் பேரைக் கூப்பிட்டது, ஃபேன் நின்றாலும் கூப்பிட்டது, குளிர் கொஞ்சம் குறைந்தாலும் கூப்பிட்டது, ஒன்றுமே ஆகாவிட்டாலும் கூப்பிட்டது. அம்பத்தூரில் நின்றுகொண்டு அத்தனையும் அப்படியே சாயர்புரத்து இழுப்பில், "ஏட்டி சௌந்தரீ, எங்கட்டீ போன, செத்த வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டன. அச்சில் அவள் மறந்து விட்ட வரி அது. அந்த ஹாலில் உள்ள எல்லா ஸ்விட்சுக்கும் உலகத்தில் தெரிந்த மனுஷி அவள் ஒருத்திதான்.

ஓடினாள். முதல் நாள் வரிசைக்கு வரிசை ஓடி, "வாரேன், வாரேன், கத்தாத" என்று சொல்லிக்கொண்டே போனாள். கூப்பிட்டது அவளைப் பார்த்ததும் பச்சை லைட்டு எரிந்து அடங்கும், அதற்குள் அடுத்த வரிசையில் ஒன்று கூப்பிடும். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை அவள் சாப்பிடவே இல்லை, பசித்ததும் தெரியவில்லை.

தெருவும் அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பீரான் காக்கா கடை ரேடியோவை அணைத்துவிட்டார், இதுவே போதும் என்றார். எதிர்வீட்டுக் கைக்குழந்தை முதல் வார்த்தையாக அம்மா என்று சொல்லாமல் சௌந்தரி என்று சொன்னது, அதன் அம்மா ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அதையே பெருமையாகச் சொன்னாள். கோயில் மைக்கில் பாட்டுப் போடுகிற பையன், நடுவில் கொஞ்சம் நிறுத்தி ஸ்விட்சுகளைக் கூப்பிட விட்டு அப்புறம் பாட்டைப் போட்டான். சௌந்தரி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "ஏம்மா, நகருங்க, நகருங்க, அந்தப் புள்ளைங்களோட அம்மா, நாள் பூரா ஓடிட்டு வருது, உக்காரட்டும்" என்பார். ஒரு சீட்டில் உள்ள இரண்டு பேருமே எழுந்துவிடுவார்கள். அவ்வளவு மரியாதைக்குரிய மனுஷிக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று, ஜனம் படிக்கட்டில் தொங்கினாலும் அவள் பக்கத்து இடம் காலியாகவே வரும். அவளைத் தெரியாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. சாப்டியாம்மா என்று கேட்கிற ஆளும் இல்லை, அத்தனை பிள்ளைகள் இருக்கிறவளை அதுகள் பார்த்துக்கொள்ளாதா என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் ரூம் கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் இருக்காது. கொரட்டூர் வரைக்கும் அந்தக் குரல் வராது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ரகுநந்தன் வந்து அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மேடம், பஞ்சாயத்து முடிஞ்சிருச்சு. பெங்களூர் டெஸ்க்கைத்தான் கூப்பிடணுமாம். கஸ்டமருங்க கேக்கறாங்க, போன் போட்டாலே பின்னாடி உங்க பேரு கேக்குதாம். அந்த ஒரு வரியை மாத்தி, எல்லாத்துக்கும் ஒரே தடவையா அனுப்பிருங்க."

"சரி சார்."

"இன்னொண்ணு. இனிமே ஹாலுக்குள்ள ஆளே கிடையாது, லைட்டையே அணைச்சிரப் போறாங்க. வெள்ளிக்கிழமையோட கதவு தொறக்கற கார்டு எல்லாருக்கும் கட். நீங்க கவலைப்படாதீங்க, உங்க வேலை அப்படியே இருக்கு. நீங்க வீட்டுல இருந்தே பார்க்கலாம்!" நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னான். அவன் வீட்டில் எல்.கே.ஜி. பெண் இருந்தாள், பெண்டாட்டி இருந்தாள், மாமியார் இருந்தாள், வீட்டிலேயே இருக்கலாம் என்றால் அவனுக்குச் சொர்க்கம்.

"வீட்டுலயா?" என்றாள்.

"ஆமா மேடம். பஸ்ல அல்லாட வேண்டாம். யாரையும் பார்க்க வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்புறம், பழைய ஹால் மூலையில ஒரு கிழடு கிடக்கே, முத்து என்னமோ, அதுக்குத் தானா கேக்கவே தெரியாது, நம்ம புரோகிராமுக்கு அது ஒத்து வராது. கழட்டி ஸ்க்ராப்ல போட்டுருங்க."

வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட்டாள். அந்த நாட்களில் அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவளும் போய்க்கொண்டே இருந்தாள். அந்த வரியை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தாள். கார்டு கட்டாகும், கதவு திறக்காது, அவர்கள் கூப்பிடுவார்கள், அவள் கொரட்டூரில் உட்கார்ந்திருப்பாள், வராதவள் பேரைச் சொல்லிச் சொல்லி அத்தனையும் கத்திக்கொண்டே இருக்கும். அதைவிட வருகிற ஆள் பேரைச் சொல்லிக் கொடுப்பதுதான் நியாயம் என்று பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம், பெயிண்ட் வாசம் அடிக்க ஆரம்பித்தபோது, தன் பேரை அழித்தாள். பெங்களூர் என்று அடித்தாள். வாயால் சொல்லவில்லை, விரல் மட்டும் அடித்தது. அனுப்பினாள்.

பாதிப் பேரில் நின்றது குரல். "சௌந்த" என்ற இடத்தில் ஹால் பூராவும் ஒரே நேரத்தில் நின்றது. டீக்கடையில் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்த பீரான் காக்கா பைப்பை மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். எதிர்வீட்டுக் குழந்தை கட்டடத்தைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

அவள் பழைய ஹாலுக்குப் போனாள். புது ஹால் வந்த பிறகு அங்கே இருந்த ரேக்குகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், மூலை ரேக் ஒன்றுதான் நின்றது, உச்சியில் முத்துமாலை, ஒரு துளையிலும் கேபிள் இல்லை, ஒரே ஒரு லைட்டு மட்டும் எரிந்தது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த ஒன்று மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை. நான் யாரு என்று கேட்க அதற்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருந்ததில்லை, கேட்பதற்கு முன்னாலேயே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"போவமா முத்துமால?" என்று கேட்டு, கரண்ட் வயரில் கையை வைத்தாள்.

"நீ யாரு?" என்றது முத்துமாலை.

கிழட்டுக் குரல். தூசி அடைத்த ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரு கரகரப்பு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தொண்டையைக் கனைத்தாள். அவளை இதுவரைக்கும் அப்படி யாரும் கேட்டதில்லை, அதனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த வரிசையிலேயே ஆரம்பித்தாள். "என் பேரு ஞானசௌந்தரி," என்றாள். "இருக்கது கொரட்டூர்ல, மாடி ரூம்பு." அப்புறம் யார் யாரை உள்ளே விடுவது என்ற இடம் வந்தது, "யாரும் வாரதில்ல, அதனால யாரையும் தடுத்ததுமில்ல" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அம்மா செத்த வருஷம், தம்பி அனுப்புகிற ரோஜாப்பூ, சர்ச்சில் கடைசி வரிசையில் உட்காருகிறது, ஒருத்தன் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாதது, மீன் குழம்பை ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியாமல் வைத்து மூன்று நாள் தின்கிறது, எல்லாம் சொன்னாள். அவள் பேசியது அவள் ஊர்ப் பேச்சில், அளக்காமல். அந்தக் குரலும் சுவரைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் போனது அவளுக்குத் தெரியாது. அங்கே நின்றவர்கள் டீயைக் கையில் வைத்தபடி குடிக்காமல் நின்றார்கள்.

சொல்லிச் சொல்லிக் கடைசி வரிக்கு வந்தாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." என்றவள் நிறுத்தினாள். அந்த இடத்தில் போட அவளிடம் ஒரு பேர் இல்லை.

முத்துமாலை காத்திருந்தது. ஒற்றை லைட்டு விட்டு விட்டு எரிந்தது.

"அந்த வரிய ஏன் காலியா விடுத?" என்றது. "எம் பேரப் போட்டுக்கோ."

கார்டு கட்டாகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கேட்டுக்கு வந்தாள். முத்துமாலையைத் துப்பட்டாவில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தோளோடு அணைத்து வைத்திருந்தாள். பச்சையம்மா கேட்டில் நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மீன் கொயம்பு வெச்சா சொல்லு மேடம், ஒரு கிண்ணம் எடுத்தாந்து வாங்கிக்கிறேன்" என்றாள். இருளப்பன் கார்டை வாங்கிப் பெட்டியில் போட்டார். கேட் பாஸ் இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம், அதைக் காப்பாற்றத்தான் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"துப்பட்டாவுல என்னக்கா?" என்றார், தெரிந்துகொண்டே.

"முத்துமாலை."

"அது ஒங்களுக்கு என்ன மொறை வேணும்?"

"நம்ம ஆளுதான் அண்ணாச்சி. ஒண்ணுன்னா கூப்பிடுத ஆளு."

இருளப்பன் கேட்டின் கொண்டியைத் தூக்கி, சின்னக் கதவை விட்டுவிட்டு, லாரி போகிற பெரிய கதவையே தள்ளித் திறந்தார்.

"பொருளுக்குத்தானக்கா கேட் பாஸு. ஆளுக்கு எதுக்கு?"

பஸ்ஸில் அன்றைக்கும் கூட்டம். அவளைப் பார்த்ததும் அன்றைக்கும் இரண்டு பேரும் எழுந்தார்கள், பக்கத்து இடம் அன்றைக்கும் காலியானது. துப்பட்டாவை விலக்கி, முத்துமாலையை ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டு இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கரண்ட் இல்லாததால் அது பேசவில்லை, வீட்டுக்குப் போய் மாட்டினால்தான் பேசும். அதுவரைக்கும் அதற்கு வழி தெரியவேண்டாமா என்று, பஸ் நின்று நின்று போகப் போக, மண்ணூர்பேட்டை, பாடி என்று ஒவ்வொரு ஸ்டாப்பின் பேரையும் அதன் பக்கம் குனிந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.